கேத்தலுக்குள் படிந்த மலை

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய மறுநாள் காலை, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கக் கேத்தலைத் திறந்தவர், மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். பிறகு விரலை உள்ளே விட்டு அடியைச் சுரண்டினார். நகத்துக்குள் அரிசி மாவைப் போல ஏதோ வந்தது. "இதென்ன பிள்ளை, இது எங்கட ஊர்த் தண்ணியெல்லோ?" என்றார். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து மலைநாட்டுக்கு வந்தவரை அவருடைய கோப்பாய்க் கிணறு பின்தொடர்ந்து வந்து அடுப்படியில் நின்றது போலிருந்தது அந்த முகம்.

அந்த வீட்டுக்கு நாங்கள் வந்து அப்போது ஆறு மாதந்தான். அதற்கு முன்னர் பதினொரு வருடம் கண்டி நகரத்துக்குள், கட்டுக்கலைப் பக்கம், வாடகைக்கு இருந்தோம். அங்கே கேத்தலின் உட்புறத்தைத் தேய்த்ததாக எனக்கு நினைவே இல்லை. நகரத்துக் குழாய்க்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு கெட்டம்பேயில் மகாவலியிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பது. துனுமடலாவக் காட்டிலுள்ள பழைய நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. இரண்டும் அடிப்படையில் மழை. மலையின் கருங்கல்லும் பளிங்குருப் பாறைகளும் எளிதில் கரைந்து கொடுப்பவை அல்ல. அவற்றின்மேல் ஓடிவரும் தண்ணீர் ஏறக்குறைய வெறுங்கையோடு வந்து சேர்கிறது. சவுக்காரத்தை ஒருமுறை தொட்டால் கை நிறைய நுரை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு முதல் மாதம் அது ஒரு செல்வம் போலத் தோன்றியது.

பிறகு குண்டசாலையைத் தாண்டி, திகனைக்குப் போகும் வழியில் ஒரு வீடு கிடைத்தது. நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். அவ்வளவு தூரத்துக்குள் பாறை மாறிவிடுகிறது. திகனை, அம்பகோட்டை, பலகொல்ல என்று இந்தப் பக்கமெல்லாம் நிலத்துக்கடியில் பட்டை பட்டையாகச் சலவைக்கல் ஓடுகிறது. மாத்தளை, உக்குவளைப் பக்கத்திலும் அது உண்டு. சிங்களத்தில் ஹுணுகல, நாங்கள் சுண்ணாம்புக்கல் என்கிறோம். ஒரு காலத்தில் கடலடியில் படிந்து, பிறகு பூமிக்குள் ஆழப் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே பளிங்காகிப்போன கல். சுண்ணத்தோடு மக்னீசியமும் கலந்திருப்பதால் இதில் பெரும்பகுதிக்கு டொலமைட் என்று பெயர். தேயிலைத் தோட்டக்காரருக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. புளித்துப்போன தேயிலை மண்ணுக்கு, கவ்வாத்து வெட்டும் பருவத்தையொட்டிக் கூடை கூடையாக வீசும் அந்த வெள்ளைத் தூள் இந்தக் கல்லை அரைத்து எடுத்ததுதான். தோட்டத்துக்கு மருந்தாகப் போவது எங்கள் வீட்டுக்குக் குழாய்க்கிணறு வழியாகக் கேட்காமலே வந்துகொண்டிருந்தது.

மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சிலிருந்து இன்னும் நிறைய எடுத்துக்கொள்கிறது. இப்போது அது மிக மெல்லிய ஓர் அமிலம். கருங்கல்லை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சுண்ணாம்புக்கல்லோ அதற்கு இணங்கிக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு நடக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் வாயு வெளியேறுகிறது. கரைந்த கல் திரும்பவும் கல்லாகிறது. கேத்தலின் அடியில் அம்மா சுரண்டியது அதைத்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் வயதில் மிக இளையது, மயோசீன் காலத்துக் கடல் விட்டுப்போனது. திகனைக் கல் அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தது. இரண்டும் கேத்தலுக்குள் ஒரே மாவாகத்தான் படிகின்றன. அம்மா இரசாயனம் படித்தவரல்ல. ஆனாலும் அவருடைய விரல் சொன்னது சரி.

இந்தக் கல்லுக்குத் தமிழரோடு இன்னோர் உறவும் இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியை நாம் நடராசர் நடனத்தை உலகுக்கு விளக்கியவராக, கலை வரலாற்றாசிரியராக அறிவோம். அதற்கு முன்னர் அவர் கையில் இருந்தது சுத்தியல். 1902இல் லண்டன் புவியியல் சங்கத்தின் ஏட்டில் அவர் எழுதியது இலங்கையின் பளிங்குச் சுண்ணாம்புக்கற்களைப் பற்றித்தான். 1903இல், அம்பகோட்டைக்கு அருகே கங்கப்பிட்டியில் கிடைத்த நீலச் சாயல் கொண்ட ஒரு புதிய கனியத்தைப் பிரையர் என்ற கனியவியலாளருடன் சேர்ந்து விவரித்து, தீவின் பழைய அரபுப் பெயரால் அதற்குச் செரண்டிபைட் என்று பெயரிட்டார். சுண்ணாம்புக்கல்லும் பக்கத்துப் பாறையும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பிறந்த கனியம் அது. அந்த ஆண்டிலிருந்து 1906 வரை இலங்கைக் கனியவள ஆய்வுக்கு அவரே பணிப்பாளர். கல்லைத் தேடி ஊர் ஊராக நடந்தவரின் கண் மெல்ல மெல்லக் கொல்லர் பட்டறையிலும் தறியிலும் விகாரைச் சுவரிலும் நின்றது. 1908இல் கண்டிய ராச்சியத்துக் கைவினைகளைப் பற்றிய அவரது பெருநூல் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அம்பகோட்டை தொலைவில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், நம் கலைச் சிந்தனையின் ஓர் ஊற்று என் கேத்தலில் படிகிற இதே கல்லருகே தொடங்கியது என்ற நினைவு வரும்.

எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடுகள். சிலரிடம் குழாய்க்கிணறு, சிலருக்கு ஊர்ச் சங்கம் தாங்கியில் ஏற்றித் தரும் தண்ணீர். எங்கிருந்து இறைத்தாலும் அடியில் இருப்பது ஒரே கல். பார்ப்பதற்கு அந்தத் தண்ணீர் பளிங்கு மாதிரி. வாசமில்லை, நிறமில்லை. வீட்டின்மேல் அது எழுதும் எழுத்தைப் படிக்க மாதக்கணக்கில் இருக்க வேண்டும். குளியலறைக் குழாயின் வாயில் முதலில் ஒரு வெள்ளை வளையம். பிறகு ஷவரின் துளைகள் ஒன்றொன்றாக அடைபட, தண்ணீர் நேரே விழாமல் பக்கவாட்டில் சுவருக்குப் பாய்கிறது. கண்ணாடித் தம்ளர்கள் எவ்வளவு கழுவினாலும் மூடுபனி பிடித்ததுபோல இருக்கின்றன. கறுப்பு மாபிள் பதித்த புதுச் சமையலறை மேடையில் ஒவ்வொரு துளியும் காய்ந்த இடம் வட்டமாகத் தெரிகிறது. சுடுதண்ணீர் ஹீட்டர் இரண்டு வருடத்தில் முனகத் தொடங்கியது. திறந்து பார்த்த பிளம்பர் பாஸ் சூடாக்கும் சுருளை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். பவளக்கொடி மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கல் கட்டியிருந்தது. "ஹுணு, மிஸ்" என்றார். கல்லுறை போர்த்த சுருள் முதலில் தன் உறையைச் சூடாக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீரை. மின்சாரப் பட்டியல் ஏறிக்கொண்டே போனதன் காரணம் அந்தக் கையளவு சுண்ணாம்பில் இருந்தது.

ஒருநாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலங்கையின் குடிநீர்த் தரநிலை, எஸ்.எல்.எஸ். 614, தண்ணீரில் கரைந்த கல்லின் அளவை, அதாவது வன்மையை, ஒரு லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அந்த எல்லையில் நிற்கும் தண்ணீரை ஒரு வீடு நாளொன்றுக்கு 500 லீற்றர் பாவித்தால், 125 கிராம் சுண்ணாம்பு வீட்டுக்குள் நுழைகிறது. வருடத்துக்கு 45 கிலோவுக்கும் மேல். ஒரு சீமெந்து மூட்டை 50 கிலோ. சட்டப்படி நல்லதென்று சொல்லக்கூடிய தண்ணீரே ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ஒரு மூட்டைக் கல்லைக் கொண்டுவருகிறது. பெரும்பகுதி கால்வாயோடு போய்விடும். தங்குவது சில கிலோ இருக்கலாம். அதைத்தான் யாரோ ஒருவர் முழங்காலில் குந்தியிருந்து தேய்க்கிறார்.

இந்த நாட்டுப் பள்ளிப்பிள்ளைகள் வெள்ளைச் சீருடை உடுப்பவர்கள். வன்னீரின் கொடுமையை அறிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கையில் நடந்தால் போதும். சவுக்காரத்தின் கொழுப்பும் தண்ணீரின் சுண்ணமும் சேர்ந்து கரையாத ஒரு பசையாகித் துணியின் இழைகளுக்குள் இறங்கிவிடும். சவுக்காரம் முதலில் தண்ணீரிலுள்ள சுண்ணம் முழுவதையும் தீர்த்துக்கட்ட வேண்டும், மிஞ்சினால்தான் அழுக்குக்கு. ஆகவே கட்டி கரைகிறது, நுரை வருவதில்லை, சட்டை மட்டும் வாரத்துக்கு வாரம் பழுப்பேறுகிறது. கழுத்துப்பட்டை விறைத்து உப்புத்தாள் போலாகிறது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். கூரைப் பீலியிலிருந்து மழைத் தண்ணீரை ஒரு நீலப் பீப்பாவில் பிடித்து, சீருடைகளுக்கென்றே மூடி வைத்திருப்பார். மழை இல்லாத வாரங்களில் வொஷிங் பவுடரில் ஊறவைத்து, கடைசி அலசலுக்கு நீலம் போட்டு, வெயிலில் விரித்து, வெண்மை வரும்வரை காத்திருப்பார். "டீச்சர் பிள்ளையின்ட சட்டையப் பாத்துத்தான் உம்மாவ மதிக்கிற, தங்கச்சி" என்று ஒருதடவை சொன்னார். சுண்ணாம்புக்கல்லின் பழியை ஒரு தாயின் கவனக்குறைவாகப் பார்க்கிற கண்கள் எந்த ஊரிலும் உண்டு. அதைக் கேட்ட நாளிலிருந்து வகுப்பறைகளில் பழுப்பேறிய சட்டைகளைப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அடியில் என்ன பாறை என்று கேட்கத் தோன்றுகிறது.

தேத்தண்ணியிலும் அந்தக் கல் தெரியும். இலங்கைத் தேயிலையின் தாயகம் என்று சொல்லத்தக்க மாவட்டம் இது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துரை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பிளேன்ரீயை ஊற்றி இரண்டு நிமிடம் வைத்தால், மேலே எண்ணெய்ப் படலம்போல ஒன்று மினுங்கும், கோப்பையைச் சரித்தால் உடைந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கோப்பை சரியாகக் கழுவவில்லையோ என்று விருந்தாளி நினைக்கக்கூடும். 1993இல் லண்டனில் ஸ்பைரோ, ஜகன்யி என்ற இருவர் இந்தப் படலத்தையே ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். தண்ணீரில் கல்சியமும் இருகாபனேற்றும் சேர்ந்திருந்தால்தான் தேயிலைச் சாறு காற்றோடு சேர்ந்து இந்த ஆடையைக் கட்டும். எலுமிச்சை பிழிந்தால் கட்டாது. ஒழுங்கை முனையிலுள்ள தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்காமலே தேசிக்காய் பிழிவதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோமஸ் லிப்டன் ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் ஏற்றபடி கலந்த தேயிலை என்று விளம்பரம் செய்து பிரித்தானியாவில் விற்றார். தேயிலை விளைந்த மலையடியில் வாழ்பவருக்கு அப்படி யாரும் கலந்து கொடுத்ததில்லை.

அம்மாவின் முறையீடு பருப்பைப் பற்றியது. எவ்வளவு நேரம் வைத்தாலும் பருப்பு மலராது, வெளியே தோல் கழன்று உள்ளே கட்டியாகவே நிற்கும். சுண்ணம் பருப்பின் உயிரணுச் சுவரைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் அவர் மழைத் தண்ணீரை ஒரு குடத்தில் எடுத்து வைத்து அதில்தான் பருப்பு அவிப்பார். இங்கே வந்து மூன்றாம் நாள் வாசலில் ஒரு சருவச்சட்டி மழைக்குக் காத்திருந்தது.

வன்மை என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில்தான் முதலில் பார்த்தேன். வீட்டில் அந்தச் சொல் இல்லை. யாழ்ப்பாணத்தில் சவர், நல்ல தண்ணி என்ற இரண்டே வகை. இங்கே அயலவர்கள் கிவுல் என்பார்கள். எல்லாம் நாக்கின் சொற்கள். வன்மை கையின் சொல், சவுக்காரம் பிடித்துத் தேய்த்த கையின் சொல். பழந்தமிழர் நிலத்தை வன்புலம், மென்புலம் என்று பிரித்தார்கள். குறிஞ்சியும் முல்லையும் வன்புலம், வயலும் கடற்கரையும் மென்புலம். இந்தத் தீவின் தண்ணீரைப் பார்த்தால் அந்தப் பிரிவு தலைகீழாகத் தெரிகிறது. மலை கொடுப்பது மென்னீர். ஹந்தானை, நக்கிள்ஸ் மலைத் தோட்டங்களில் பெண்கள் பீலிக்கரையில் பிடிக்கிற தண்ணீரைப்போல இலகுவானது வேறில்லை. இறங்கி வறண்ட சமவெளிக்குப் போனால், நெல் விளையும் அந்த மென்புலத்துக் கிணறுகளில்தான் கல்லும் உவரும் புளோரைட்டும்.

அந்த இறக்கத்தை ஒரு தலைமுறை மக்கள் தங்கள் உடம்பால் அறிந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் விக்டோரியா அணை. 1980களில் அது நிறைந்தபோது பழைய தெல்தெனிய நகரமும் சுற்றுக் கிராமங்களும் மூழ்கின. கடும் வறட்சி வந்தால் இன்றும் இடிந்த சுவர்கள் சேற்றிலிருந்து எழும். இடம்பெயர்ந்தவர்களில் பலருக்கு மகாவலித் திட்டத்தின் ஸீ வலயத்தில், கிராந்துருகோட்டேப் பக்கம், காணி கிடைத்தது. மலையூற்றுக் குடித்தவர்கள் சமவெளிக் கிணற்றுக்கு மாறினார்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் அடையாளம் காணப்பட்டது. பிறகு கிராந்துருகோட்டேயும் அந்த நோயின் மையங்களில் ஒன்றாகப் பெயர்பெற்றது. வன்னீரும் புளோரைட்டும் ஒரு காரணமா, வன்னீர் களைகொல்லியையும் உலோகத்தையும் சுமந்து செல்கிறதா, வெப்பமும் உடல் வறட்சியுமா என்று விவாதம் நீள்கிறது. அந்தப் பிரதேசங்களிலேயே இயற்கை ஊற்றிலிருந்து குடிப்பவர்களிடம் நோய் அரிதாக இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர்கள் 1980களிலேயே தீவின் கிணற்று நீரை மாதிரி எடுத்து வரைபடமாக்கத் தொடங்கியவர்கள். பாறைக்கும் நோய்க்கும் உள்ள உறவை இந்த நாடு யோசிக்கக் கற்றது பெரிதும் அவர்களிடந்தான்.

எங்கள் ஒழுங்கையில் அந்த நோயின் பெயர் கேத்தலின் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டது. தொலைக்காட்சியில் டயலிசிஸ் கட்டிலைக் காட்டிய வாரம் மூன்று வீட்டில் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கினார்கள். "இந்தக் கல்லுத்தானே உள்ளுக்குள்ளயும் படியும்" என்று எல்லோரும் சொன்னார்கள். சிறுநீரகக் கல் வேறு, அந்த நோய் வேறு. கேத்தலில் படிவது கொதியால் படிகிறது, உடம்பு கொதிப்பதில்லை. வன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் உடம்புக்குத் தேவையானவையும்கூட. இதையெல்லாம் நான் அயலவருக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அவர்களுடைய பயத்தை அறியாமை என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். மலைக்குக் கீழே ஆயிரக்கணக்கான குடும்பங்களில் நடந்ததைப் பார்த்தவர்கள், தங்கள் பாத்திரத்தில் தெரியும் ஒரே தடயத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்குக் குறையாகப் படுவது இன்னொன்று. தரநிலைகளில் வன்மை கண்ணுக்கும் நாவுக்கும் உரிய விடயங்களோடு வைக்கப்படுகிறது. நோய் தராதது, ஆகவே அவசரமில்லாதது. இந்த வரிசையை எழுதியவர்கள் தப்பாக எழுதவில்லை. கிருமிக்கும் நஞ்சுக்கும் முதலிடம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தேய்ப்பதற்கு ஆகும் நேரம், கரைந்துபோகும் சவுக்காரம், இரண்டு வருடத்தில் சாகும் ஹீட்டர், அவியாத பருப்புக்கு எரியும் காஸ், பழுப்பேறிய சட்டைக்குக் கேட்கும் பேச்சு, இவற்றை எழுத அந்த அட்டவணையில் நிரல் கிடையாது. அந்த நிரலில் வரவேண்டியவை பெரும்பாலும் பெண்களின் கைகள்.

மென்னீரும் சும்மா விடுவதில்லை. சுண்ணமில்லாத தண்ணீர் பசியோடு வருகிறது, குழாயின் உலோகத்தையே தின்னத் தொடங்கும். கட்டுக்கலை வீட்டில் பழைய இரும்புக் குழாய், காலையில் முதல் வாளி தேத்தண்ணி நிறத்தில் விழும். அதனால் ஆற்று நீரைச் சீனாக்காரம் போட்டுத் தெளியவைக்கும் சுத்திகரிப்பு நிலையங்களில், புளிப்பை முறிக்கக் கடைசியில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். அதற்கு நேரெதிராக, 1841இல் அபர்தீனைச் சேர்ந்த தோமஸ் கிளார்க் வன்னீரில் சுண்ணாம்பைச் சேர்த்தே சுண்ணாம்பைப் பிரித்தெடுக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். அளவு தெரிந்து சேர்த்தால் கரைந்திருந்ததும் சேர்த்ததும் ஒன்றாகப் படிந்து இறங்கிவிடும். ஒழுங்கையில் வசதியான ஒரு வீட்டில் உப்புப் போட்டு இயக்கும் மென்னீராக்கி வைத்திருக்கிறார்கள். அது கல்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், வாராவாரம் உப்புக் கரைசலைக் கால்வாயில் விடும். மற்றவர்களுக்குத் தேசிக்காய்த் தோலும் வினாகிரியும்தான்.

2020 ஆகஸ்டில் திகனைப் பகுதி அதிர்ந்தது. சுவரில் தொங்கிய படம் சற்று ஆடிய அளவுக்கு. குவாரிகள் என்றார்கள், நீர்த்தேக்கம் என்றார்கள், அதிகாரிகள் வந்து கருவிகள் பதித்தார்கள். அன்று இரவு ஒழுங்கையில் எல்லோரும் வெளியே நின்றபோது, அதுவரை கேத்தலிலும் ஹீட்டரிலும் மட்டும் கண்டிருந்த கல்லைக் காலுக்குக் கீழே முதல்தடவையாக உணர்ந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் எங்கள் ஒழுங்கைக்கும் ஆற்றுத் தண்ணீர் குழாய் வந்தது. பக்கத்து அக்கா நீலப் பீப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் ரோசாச் சாடி வைத்தார். நான் கேத்தலை வினாகிரியில் ஊறவைத்துக் கடைசித் தடவையாகச் சுரண்டினேன். அம்மாவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் பிடிபடவில்லை. எழுபத்தாறு வருடம் வன்னீரில் குளித்த உடம்பு. அந்தத் தண்ணீரில் சவுக்காரப் பசை தோலில் ஒட்டி ஒரு கரகரப்பைக் கொடுக்கும், அந்தக் கரகரப்பு வந்தால்தான் குளித்து முடிந்தது என்று அவருக்குத் தெரியும். ஆற்றுத் தண்ணீரில் அது வரவே இல்லை. முதல்நாள் குளியலறைக் கதவுக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, சவுக்காரம் போகுதில்லை. வழுக்கிக்கொண்டே நிக்குது. இன்னொரு வாளி தா."

அது போய்விட்டது அம்மா, இந்தத் தண்ணீர் அப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. நான் இன்னொரு வாளி நிரப்பி உள்ளே வைத்துவிட்டு வெளியே நின்றேன். ஊற்றும் சத்தம் நின்ற பிறகும், உள்ளங்கை முழங்கையைத் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.